நோன்பு வேறு, நோய் வேறு

(தசலட்சணப் பர்வ விழாவின் மாலை அமர்வில், மனநல மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

உபவாசத்தின் பெருமையைப் பேசும் இம்மேடையில், உண்ணாமையால் வளரும் ஒரு நோயைப் பற்றிப் பேச நிற்கிறேன். தலைப்பைச் சொன்னபோது மூத்த அறங்காவலர் ஒருவர் சற்றே தயங்கினார். “டாக்டர், இது நோன்பைக் குறை சொல்வதாக ஆகிவிடாதா?” என்று கேட்டார். “இல்லை ஐயா, நோன்பின் பெயரால் நோய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை” என்றேன். அவர் இசைந்தார். அவருக்கு என் நன்றி.

பல குடும்பங்களில் நான் கண்டவற்றை ஒன்றாகத் தொகுத்து, எவரையும் சுட்டாத வகையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் பயிலும் ஒரு பெண். எதனைத் தொட்டாலும் குறையின்றிச் செய்ய வேண்டும் என்னும் இயல்பினள். ஓர் ஆண்டு பர்வத்தின்போது முதன்முறையாகத் தொடர்ந்து சில நாள் உபவாசம் இருந்தாள். பாட்டி உச்சி முகர்ந்தார், உறவினர் வாழ்த்தினர். பாரணை முடிந்தது. வீட்டில் அனைவரும் வழக்கமான உணவுக்குத் திரும்பினர். அவள் மட்டும் திரும்பவில்லை.

முதலில் இனிப்பும் நெய்யும் விலக்கப்பட்டன. பின்னர் மாலை உணவு நின்றது. கதிரவன் மறையுமுன் உண்பது நம் வழக்கமல்லவா? “வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, அம்மா” என்பாள். நாளடைவில் பொழுது சாயும் வரை வேண்டுமென்றே நூலகத்தில் இருந்துவிட்டு வந்தாள். கிழங்குகள் முன்பே விலக்கப்பட்டவை. இப்போது பருப்பும் பாலும் அவற்றோடு சேர்ந்தன. “ஒரு வாய் சாப்பிடம்மா” என்று தாய் கெஞ்சினால், “வயிறு நிறைந்திருக்கிறது” என்பதே விடை. ஆனால் வீட்டார்க்கு விதவிதமாகச் சமைத்துப் பரிமாறுவதில் அவளுக்குப் பேரார்வம் பிறந்தது. பங்குனி வெயிலிலும் போர்த்திக்கொண்டு படித்தாள். மாதவிலக்கு நின்றதைத் தேர்வுக் கவலை என்று எண்ணினர். ஒரு நாள் பள்ளிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். அன்று அவளுடைய நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 44.

அவளுடைய தந்தை என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “டாக்டர், நாங்கள் எங்கே தவறினோம்?” அக்கேள்விக்கு மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேலாகத் தந்த விடை ஒன்று, இன்று தரும் விடை வேறொன்று. அந்த மாற்றத்தின் வரலாறே இன்றைய என் உரை.

இந்நோய்க்கு அனரெக்சியா நெர்வோசா என்று பெயர். 1873ஆம் ஆண்டில் பாரிசில் லசேக் என்னும் மருத்துவரும் இலண்டனில் வில்லியம் கல் என்னும் மருத்துவரும் தனித்தனியே இதனை விவரித்தனர். இப்பெயரை வழங்கியவர் கல். பெயருக்குப் பசியின்மை என்பது பொருள். அப்பெயர் ஒரு வகையில் பிழையானது. நோயின் பெரும்பகுதியில் பசி இருக்கவே செய்கிறது, அதனை மனம் அடக்கி ஆள்கிறது. இதற்கு உடன்பிறந்தது போன்ற மற்றொரு நோய் புலிமியா நெர்வோசா. அளவு மீறி உண்பதும், உண்டதை வெளியேற்ற முயல்வதும் மாறிமாறி நிகழும் நிலை அது. இலண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் 1979இல் அதற்குப் பெயரிட்டார். அதில் உடல் மெலிவு தெரியாமலும் இருக்கலாம். ஆதலின் பெற்றோர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. இந்நோய்கள் பெண்பிள்ளைகளிடம் மிகுதி, ஆண்பிள்ளைகளையும் விட்டுவைப்பதில்லை.

இது பிடிவாதம் அன்று, பருவக் கோளாறும் அன்று. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அனரெக்சியா உடையோரின் இறப்பு, அதே வயதுடைய பிறரின் இறப்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருப்பதைக் காட்டியது. மனநோய்களுள் உயிருக்கு மிகுந்த ஊறு விளைப்பனவற்றுள் இஃது ஒன்று.

இனி, பழைய விடையைக் காண்போம். இத்தகைய நோயாளிக்குப் பணிவிடை செய்ய உற்றார் உறவினர் தகுதியற்றவர் என்றே வில்லியம் கல் கருதினார். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, பெற்றோரிடமிருந்து பிள்ளையை முற்றிலும் பிரித்து வைப்பதே மருந்து என்றார். இருபதாம் நூற்றாண்டிலும் இக்கருத்து வேறு வேறு வடிவங்களில் நீடித்தது. கண்டிப்பான தாய், விலகி நிற்கும் தந்தை, மிகையாகப் பிணைந்த குடும்பம் என்று நோயின் வேரை வீட்டுக்குள்ளேயே தேடினர். தம் பிள்ளை கண்ணெதிரே தேய்வதைக் கண்டு துடித்த பெற்றோரின் தலையில் பழியும் சேர்ந்து ஏறியது.

இக்கருத்தை அசைத்த ஓர் ஆய்வு, இந்நோயைப் பற்றியதே அன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஐரோப்பாவில் பல இலட்சம் மக்கள் பட்டினியில் வாடினர். பட்டினி கிடந்த உடலை மீட்பது எவ்வாறு என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அதனைக் கண்டறிய அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் 1944ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதற்குத் தம் உடலைத் தர முன்வந்தவர்கள் 36 இளைஞர்கள். அவர்கள் யார் தெரியுமா? உயிர்க்கொலை செய்ய மாட்டோம் என்று போர்க்களம் செல்ல மறுத்தவர்கள். கொல்ல மறுத்த அவர்கள், பசித்தோர்க்கு உதவத் தாம் பசித்திருக்க இசைந்தனர். அகிம்சையைப் போற்றும் இவ்வவை அவர்களை நினைவுகூர்வது பொருத்தமே.

உடல்நலமும் மனநலமும் நன்கு சோதிக்கப்பட்டுத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவர்களுக்கு, 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே வழங்கப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. எதிர்பார்த்த உடல் மாற்றங்கள் தோன்றின: நாடி தளர்ந்தது, கோடையிலும் குளிர்ந்தது, வலிமை குன்றியது. எதிர்பாராதவை மனத்தில் நிகழ்ந்தன. பேச்செல்லாம் உணவைப் பற்றியே ஆயிற்று. சமையலில் நாட்டமே இல்லாதிருந்தவர்கள் சமையற் குறிப்பு நூல்களைச் சேர்த்தனர். ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் கலந்தும் பிசைந்தும் உண்டனர். நண்பர்களை விட்டு விலகினர், சிறு சொல்லுக்கும் சினந்தனர், சோர்வில் ஆழ்ந்தனர். உணவு மீண்டும் வழங்கப்பட்ட பின்னரும் பல மாதங்கள் மனம் தெளியவில்லை. இம்முடிவுகள் 1950இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.

இப்போது அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். போர்வை, தனிமை, சினம், பிறர்க்குச் சமைப்பதில் பேரார்வம். இவற்றை அவளுடைய குணக்கேடு என்றும் வளர்ப்பின் குறை என்றும் எண்ணினோம். நல்ல மனநலமுடைய 36 இளைஞர்களிடமும் பட்டினி இதே போக்கைத் தோற்றுவித்தது. ஆகவே, நோயாளியிடம் நாம் காணும் பல மாற்றங்கள் பட்டினியின் விளைவுகள். பட்டினி கிடக்கும் மூளையால் தெளிந்து முடிவெடுக்க இயலாது. “நீயே உணர்ந்து திருந்தி உண்” என்று அறிவுரை சொல்வது, கால் முறிந்தவனை ஓடிப்போய் மருந்து வாங்கி வா என்பதைப் போன்றது. முதலில் உணவு, அதன் பின்னரே அறிவுரை.

அவ்வாறாயின், ஒருவரைப் பிடிக்கும் இந்நோய் மற்றொருவரை ஏன் பிடிப்பதில்லை? காரணம் ஒன்றன்று. 2019இல் பல நாட்டு ஆய்வாளர்கள் இணைந்து, இந்நோயுடைய ஏறத்தாழ 17,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். நோயோடு தொடர்புடைய எட்டு மரபணுப் பகுதிகள் புலப்பட்டன. மனத்தின் இயல்போடு உடலின் வளர்சிதை மாற்றமும் இந்நோயில் பங்கு பெறுகிறது என்பதை அவ்வாய்வு சுட்டியது. பிறவியில் அமைந்த இச்சாய்வு விதை போன்றது. அது முளைக்கச் சூழலும் வேண்டும். பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அவ்வாண்டிலும் 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுத்ததாகச் சொன்னவர் முதலாம் ஆய்வில் ஒருவருமில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் 11 விழுக்காட்டினர். பருத்த உடலைச் செழுமை என்று போற்றிய சமூகம் அது. இன்று நம் பிள்ளைகளின் கையிலேயே திரை இருக்கிறது.

ஆயினும், மெலிய வேண்டும் என்னும் ஆசையை எல்லாரிடமும் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். ஹாங்காங்கில் சிங் லீ என்னும் மனநல மருத்துவர் 1993இல் 70 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ‘பருத்துவிடுவேன்’ என்னும் அச்சத்தைச் சொல்லவே இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, பசியில்லை என்றே சொன்னார்கள். அந்தந்தச் சமூகம் ஏற்கும் மொழியில் நோய் பேசுகிறது. ஓரிடத்தில் அது அழகின் மொழியைப் பேசும். ஓரிடத்தில் வயிற்று நோயின் மொழியைப் பேசும். நம் இல்லங்களில் அது தவத்தின் மொழியையும் பேசக்கூடும். இதுவே நான் இங்கு வந்ததற்குக் காரணம்.

இனி மருத்துவத்தைக் காண்போம். 1980களில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஜெரால்ட் ரஸ்ஸல், கிறிஸ்டோபர் டேர், ஐவான் ஐஸ்லர் முதலியோர் பழைய முறையைத் தலைகீழாக மாற்றினர். பெற்றோரைப் பிரிப்பதற்கு மாறாக, மருத்துவத்தின் நடுவில் அவர்களை அமர்த்தினர். இதன் முதற்கொள்கை, நோய்க்குக் காரணம் எவர் என்னும் ஆராய்ச்சியைக் கைவிடுவது. இரண்டாவது, பிள்ளையையும் நோயையும் வேறுபடுத்திக் காண்பது. தட்டைத் தள்ளுவது மகளல்லள். அவளைப் பற்றியிருக்கும் நோய். மூன்றாவது, தானாக உண்ண இயலாத காலம் வரை, எதனை எவ்வளவு எப்போது உண்பது என்னும் பொறுப்பைப் பெற்றோர் ஏற்பது.

இம்மருத்துவம் மூன்று படிகளில் நடைபெறும். முதற்படியில் ஒவ்வொரு வேளை உணவையும் பெற்றோர் அருகிருந்து உண்பிப்பர். திட்டுதல் இல்லை, அடித்தல் இல்லை, கெஞ்சுதலும் இல்லை. “இது உன் மருந்து. நீ உண்டு முடிக்கும்வரை நான் உன்னோடு இருப்பேன்” என்னும் உறுதியான அன்பு மட்டுமே உண்டு. உடல் தேறிய பின் இரண்டாம் படியில் பொறுப்பு சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திரும்பும். மூன்றாம் படியில் படிப்பு, நட்பு, தன் விருப்பம் என்று நோய் பறித்துக்கொண்ட இளமையை மீட்பார்கள். இவை முடிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும்.

இம்முறை பயன் தருகிறதா? அமெரிக்காவில் ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிரேஞ்ச் ஆகியோர் 121 இளையோரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. மருத்துவம் முடிந்து ஓராண்டுக்குப் பின், குடும்ப வழி மருத்துவம் பெற்றோருள் 49 விழுக்காட்டினரும், தனித்து உளவியல் மருத்துவம் பெற்றோருள் 23 விழுக்காட்டினரும் முழுநலம் பெற்றிருந்தனர். இங்கிலாந்து நாட்டு மருத்துவ வழிகாட்டுதல் 2017இல் இளையோரின் அனரெக்சியாவுக்கு இக்குடும்ப வழி மருத்துவத்தையே முதலில் கருதுமாறு பரிந்துரைத்தது. பாதிப்பேர் முழுநலம் பெறவில்லை என்பதையும் மறைக்கலாகாது. அவர்களுக்கு வேறு முறைகளும், நெடுங்காலத் துணையும், சிலருக்கு மருத்துவமனையும் தேவைப்படும். நோய் தொடங்கி விரைவில் வந்தோர் எளிதாக மீள்கின்றனர் என்பதே மீண்டும் மீண்டும் கிடைக்கும் படிப்பினை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மிகுதியாக உணவளித்தால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட் முதலிய உப்புகள் குறைந்து இதயம் நின்றுபோகவும் கூடும். போர்க்கால முகாம்களிலிருந்து மீட்கப்பட்டோர் சிலர் உணவு கிடைத்த பின்னர் மாண்ட துயரத்தால் உலகம் இதனை அறிந்தது. ஆகவே மயக்கம், மிகத் தளர்ந்த நாடி, விரைவான எடைக்குறைவு இருந்தால் முதலில் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். அனரெக்சியாவை நேரே குணமாக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. உடன் வரும் மனச்சோர்வுக்கும், புலிமியாவுக்கும் சில மருந்துகள் துணை செய்யும். ஆகார தானம், ஔடத தானம் என்று நாம் இரண்டாகச் சொல்வோம். இந்நோயில் அவ்விரண்டும் ஒன்றாகின்றன, ஆகாரமே ஔடதம்.

இனி, உங்கள் மனத்தில் எழுந்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். நோன்பையும் நோயையும் எவ்வாறு பிரித்தறிவது? நான்கு வினாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, அதற்கு முடிவு உண்டா? நோன்பு குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் பாரணையோடு நிறைவுறும். நோய்க்குப் பாரணை இல்லை. ஆதிபகவனாகிய விருஷபதேவர் நெடுநாள் உண்ணாதிருந்து, ஸ்ரேயாம்ச மன்னர் அளித்த கரும்புச்சாற்றை ஏற்ற நாளை அட்சய திருதியை என்று இன்றளவும் கொண்டாடுகிறோம். உண்டதையும் விழாவாக்கிய மரபு நம்முடையது. இரண்டாவது, நிறைவில் மகிழ்ச்சியா, அச்சமா? நோன்பிருந்தவர் பாரணையில் மலர்வார். நோயுற்றவர் தட்டைக் கண்டு நடுங்குவார், உண்டபின் தன்னையே வெறுப்பார். மூன்றாவது, அது வெளிப்படையானதா? நோன்பு பெரியோர் முன்னிலையில் சொல்லி ஏற்கப்படுவது; நோய் உணவை ஒளிக்கும், உண்டதாகப் பொய் சொல்லும். நான்காவது, மனம் எங்கே நிற்கிறது? நோன்பில் மனம் உணவை விட்டு மேலெழும். நோயில் நாள் முழுதும் உணவையும் எடையையும் கண்ணாடியையுமே சுற்றும். உடலின் மேலுள்ள பற்றைக் குறைப்பது தவம். இந்நோயோ அப்பற்றைப் பெருக்குகிறது.

தன் ஆற்றலுக்கு ஏற்ற தவமே தவம் என்பது நம் ஆன்றோர் வகுத்த வரம்பு. மேலும், நம்மைச் சார்ந்த உயிர்க்கு உணவும் நீரும் கிடைக்காமல் தடுப்பதை, அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. நோயுற்ற மனம் அந்த அன்னபான நிரோதத்தைத் தன் உடலுக்கே செய்கிறது. அதனைத் தடுப்பது விரத பங்கம் ஆகாது, உயிர்க்காப்பே ஆகும்.

ஆதலின் சில வேண்டுகோள்கள். வளரும் பிள்ளைகளின் நோன்பு எத்தனை நாள் என்பதைப் போட்டியாக்காதீர்கள்; மேடையில் எண்ணிக்கை சொல்லிப் பாராட்டாதீர்கள். முன்பு இந்நோய் கண்ட பிள்ளைக்கு உபவாசம் வேண்டாம். நாக்கை அடக்கும் விரதம், சினத்தை விடும் விரதம், அலைபேசியை விலக்கும் விரதம் என அதற்குரிய தவம் வேறு உண்டு. “பருத்துவிட்டாய்”, “மெலிந்து அழகாகிவிட்டாய்” என்னும் இரு சொற்களையும் நம் வீட்டுக் கூடங்களிலிருந்து அகற்றுங்கள். நோன்பு முடிந்து இரண்டு வாரத்திற்குள் பிள்ளை இயல்பான உணவுக்குத் திரும்பவில்லையெனில், மாதவிலக்கு நின்றால், உண்டவுடன் குளியலறைக்கு விரைந்தால், காத்திராமல் மருத்துவரைக் காணுங்கள். எங்கே செல்வது என்று தெரியாதவர்கள், அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தந்தையின் கேள்விக்கு நான் சொன்ன விடை இதுதான்: “நீங்கள் தவறவில்லை, ஐயா. ஆனால் இவளை மீட்பதற்கு உங்களைவிடச் சிறந்த மருந்து என்னிடம் இல்லை.” இரண்டு வாரம் மருத்துவமனை, அதன் பின் வீடு. தாய் பணிக்கு நீண்ட விடுப்பு எடுத்தார். தந்தை நாள்தோறும் நண்பகலில் பள்ளிக்குச் சென்று மகளருகே அமர்ந்து உண்டார். முன்பு உச்சி முகர்ந்த பாட்டிதான் இதில் பெரும்பாடு பட்டார். “நோன்பிருந்தபோது உன்னை மெச்சினேனே கண்ணு, நீ உண்ணும்போது அதைவிட மெச்சுகிறேன்” என்று ஒவ்வொரு கவளத்திற்கும் அருகிருந்தார். அழுகை நிறைந்த மாதங்கள் அவை. தட்டு பறந்த நாள்களும் உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த பர்வத்தில் அவள் உபவாசம் இருக்கவில்லை. நிறைவு நாளன்று நோன்பிருந்தோர் அனைவர்க்கும் பாரணை உணவு பரிமாறினாள். பரிமாறி முடித்தபின், எவரும் அழையாமலே, பாட்டியின் பக்கத்தில் இலை போட்டு அமர்ந்து உண்டாள். அந்த வீட்டாருக்கு அன்று அதுவே பாரணை.

நம் பிள்ளைகளின் நோன்பைப் போற்றுவோம். அவர்கள் உண்பதையும் அவ்வாறே போற்றுவோம்.